ஆறு நாள் மிச்சமிருந்த வீடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன், பூசி மெழுகத் தெரியாது. குடியிருந்த வீட்டைக் காலி செய்கிறோம் என்று நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் வாயாலேயே சொல்லிவிட்டு, போக்கிடம் இல்லாமல் பதினோரு நாள் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி அலைந்தோம். யாரும் எங்களைத் துரத்தவில்லை. நாங்களேதான் எங்கள் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம்.

நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் மாதிரி வீட்டைச் சுத்தம் செய்கிறவள். அடுக்குமாடி எழும்பும் முன்பே, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு வீட்டை மட்டும் கட்டி ஜோடித்து வைத்திருப்பார்கள். அங்கே பிளாஸ்டிக் ஆப்பிளைத் துடைப்பேன், அட்டை டிவியைத் துடைப்பேன். குழாயில் தண்ணீர் வராது. கழிவறையை யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்று மூடியில் டேப் ஒட்டியிருக்கும். அறை பெரிதாகத் தெரிய வேண்டுமென்று கட்டிலைக்கூட அளவு குறைத்துத்தான் செய்திருந்தார்கள். ஏழாவது படிக்கும் என் மகள் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இத்தனையும் தெரிந்தும் எனக்கு அந்த வீட்டின்மேல் கண். மூன்று படுக்கையறை! சாயங்காலம் அதைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்தால் வயிறு எரியும்.

எங்களுடையது ஒற்றை அறை. மூலையில் அடுப்பு மேடை, பக்கத்தில் திரும்பினால் முழங்கை இடிக்கும், கழிவறையோடு சேர்ந்த குளியலறை. மூன்றாவது மாடி. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைத்துவிட்டு மனுஷன் படியேறி மூச்சிரைக்க வந்து உட்காருவார். "இந்தப் பொந்துல இன்னும் எத்தனை வருஷம்?" என்று நான் ஆரம்பித்துவிடுவேன். ஏழு வருஷம் ஆரம்பித்தேன்.

அப்போதுதான் எங்கள் சபைக்கு வெளியூரிலிருந்து ஒரு போதகர் பேச வந்தார். "கேட்டது கெடைச்சிடுச்சுன்னு நம்பி நடங்க! பழசை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தா புதுசை எந்தக் கையால வாங்குவீங்க?" என்றார். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது. எங்கள் சபைப் போதகர், "அவசரப்படாதீங்கம்மா, நிதானமா யோசிங்க" என்றார். இவருக்கு விசுவாசம் பத்தாது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அடுத்த விடுமுறை நாளில் மாதிரி வீட்டின் சாவி என்னிடம் இருந்தது. என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய், கண்ணை மூடிக்கொண்டு, வேதத்தில் கோட்டை மதில் இடிந்து விழ ஏழு தரம் சுற்றின மாதிரி அந்த சோபாவை ஏழு சுற்றுச் சுற்றி ஜெபித்தோம். ஏழாவது சுற்றில் அவர் முழங்கால் டீப்பாயில் இடித்தது.

"ஆமென் சொல்லுங்க."

"வலிக்குதுடி."

"வலியோட சொல்லுங்க!"

அன்றைக்கே வீட்டுக்காரம்மாவிடம் போய், "சொந்த வீட்டுக்குப் போறோம்மா, மாசக் கடைசியில காலி பண்ணிடறோம்" என்று சொல்லிவிட்டோம். கடனுக்கு எழுதிப் போட்டது அதற்கு மறுநாள்! எங்களை விடப் புத்திசாலிகள் உண்டா?

பதிமூன்றாம் தேதி வங்கி கையை விரித்துவிட்டது. வேலை செய்கிறவர்களுக்குச் சலுகை உண்டு என்று எப்போதோ சொன்ன கம்பெனி மேனேஜரிடம் ஓடினேன். "அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னதும்மா, அதையா பிடிச்சுக்கிட்டீங்க?" என்று அவர் சிரித்தார்.

அதற்குப் பிறகு வாடகை வீடு தேடி அலைந்தோம். எங்கள் கைக்கு எட்டுகிற வாடகையில் ஒரு கோழிக்கூடுகூட இல்லை. என் வீட்டுக்காரர் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். என் மகள், "அம்மா, ஸ்கூலும் மாறணுமா?" என்றாள், அவளை அடித்துவிட்டேன். அடித்துவிட்டு மாதிரி வீட்டில், டேப் ஒட்டிய அந்தக் கழிவறை மூடிமேல் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். "உம்மை நம்பித்தானே சொன்னேன்! இப்படி நடுத்தெருவுல விட்டுட்டீரே!" என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். பதிலே இல்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு வீட்டுக்காரம்மாவின் காலில் விழாத குறை.

"ஏம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா? ஒரு புருஷன் பொண்டாட்டி நாளைக்குப் பாக்க வர்றாங்க. பிடிச்சிருந்தா தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அவங்களுக்குப் பிடிக்கலைன்னா நீங்களே இருந்துக்கோங்க. என் முட்டிக்குப் படியேற முடியாது, நீயே காட்டிடு" என்றாள் அந்தம்மா.

படியேறி வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் பதினோரு நாளில் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நம்ம கையிலதான் இருக்கு. தண்ணி வராது, எலித் தொல்லை, மழை பேஞ்சா ஒழுகும், எல்லாத்தையும் எடுத்து விடு. ஆளுங்க வந்த வழியே ஓடிடணும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"சரி, வேண்டாம். நீ உண்மையச் சொல்லு, நாம பிளாட்பாரத்துல படுப்போம்."

பொய் சொல்வதென்றே முடிவு பண்ணிவிட்டேன். பிள்ளைக்கு ஒரு கூரை வேண்டும், ஆண்டவர் மன்னித்துக்கொள்வார் என்று நானே அவருக்கும் சேர்த்து முடிவு பண்ணினேன்.

மறுநாள் மத்தியானம் வந்தார்கள். சின்னஞ்சிறுசுகள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாசம் இருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள்.

"மூணு மாடிம்மா. இந்த நிலைமையில உன்னால தினம் ஏற முடியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"மெதுவா ஏறிக்குவேன் அக்கா."

"தண்ணி ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான்."

அவள் குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. "நாங்க வந்த நேரம், இன்னைக்கு அந்த நாள் போல" என்று சிரித்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "எலி... எலியைச் சொல்லு" என்று முணுமுணுத்தார்.

அதற்குள் அவள் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள். "அக்கா, இது எங்களுக்கு மட்டுமா? வேற யாரும் வர மாட்டாங்களா?"

"வீட்டுக்குள்ள இருக்கே, வேற யாரு வரப்போறா?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. திறக்கும் சத்தம், மறுபடி போடும் சத்தம். அவள் புருஷன் என்னிடம் தணிந்த குரலில் சொன்னான்: "இப்ப இருக்கிற எடத்துல பதினோரு பேருக்கு ஒண்ணுதான். கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. இவ இருட்டுறதுக்குள்ள தண்ணி குடிக்கிறதையே நிறுத்திடுவா. டாக்டர் திட்டுறாங்க."

அவள் வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெட்கத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழு வருஷமாக நான் வாய்க்கு வந்தபடி திட்டிய குளியலறை அது. ஐயோ, எவ்வளவு பாவம் பண்ணியிருக்கிறேன் என்று இருந்தது. இப்போது சொன்ன பொய் மட்டுமில்லை. அதைக் கொடுத்த ஆண்டவர் முகத்துக்கு நேராகவே ஒவ்வொரு நாளும் காறித் துப்பியிருக்கிறேன்.

"தண்ணி தினமும் வரும்மா. நான் சொன்னது பொய். எலி கிடையாது. மழைக்கு ஒழுகாது. சாயங்காலம் இந்த ஜன்னல்ல நல்லாக் காத்து வரும்" என்றேன். என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் என்னையே பார்த்தாள். "அப்புறம் ஏன் அக்கா, இவ்வளவு நல்ல வீட்டை விட்டுட்டுப் போறீங்க?"

என்ன சொல்வேன்? நீளமான வாய்தான், அன்றைக்கு ஒரே வரிதான் வந்தது. "எனக்குப் போதும்னு சொல்லத் தெரியலம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம் முன்பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நம்ம பிள்ளைய நினைச்சுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் போனை எடுத்து அவருடைய அக்காவைக் கூப்பிட்டேன். லேத்துப் பட்டறைக்கு மேலே அவர்களுக்கு ஒரு சரக்கு அறை உண்டு. ஜன்னல் இல்லை, பகலெல்லாம் இரும்பு கடைகிற சத்தம். வங்கி கைவிரித்த முதல் வாரமே அங்கே வரச் சொன்னார்கள். இதில் மனுஷன் இருப்பானா என்று ரோஷத்தோடு போனை வைத்தவள் நான்தான்.

"அண்ணி, அந்த ரூம் இன்னும் காலியா இருக்கா?"

"இருக்குடி. ரோஷக்காரி, வந்து தொலை" என்றார்கள்.

அன்று சாயங்காலம் மகள் பள்ளி விட்டு வந்ததும் மூன்று பேரும் முழங்கால் போட்டோம். வழக்கமாக நான்தான் நீளமாக ஜெபிப்பேன். அன்றைக்கு, "தலை சாய்க்க இடமில்லாம அலைஞ்சவரே, உம்மகிட்டப் போய் மூணு படுக்கையறை கேட்டேனே" என்பதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் ஆண்டவர் பக்கத்தில் இருந்தார். மாதிரி வீட்டில் அழுது சண்டை போட்டபோது வராத பதில், நான் எதையும் கேட்காமல் இருந்த அந்த நேரத்தில் வந்த மாதிரி இருந்தது. வீடெல்லாம் ஒன்றும் தரவில்லை. என் வயிற்றெரிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர், "இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்றார்.

"ஆறு நாள்" என்றேன். எழுந்து விளக்கைப் போட்டேன், தரையைப் பெருக்கினேன், அந்தக் குளியலறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஏழு வருஷம் வாடகை கொடுத்த அந்த வீட்டில் நான் குடியேறியது அன்றைக்குத்தான்.