பூச்சாட்டுக்குப் பின் வந்த திங்கள்

"ஏனுங்க அம்முணி, அங்க மழைங்களா?" என்று ராசாத்தி போனில் கேட்டாள்.

ஜெர்மனியில் படிக்கும் மதுமதிக்குத் தெரியும். ராசாத்தி மழையை விசாரித்தால் வேறு எதையோ சொல்ல முடியாமல் நிற்கிறாள்.

"மழை கெடக்கட்டும்க்கா. நாளைக்குப் போறதுக்கு அபிநயா பொட்டி கட்டிட்டாளா?"

"கட்டுனது அப்படியே இருக்குதுங்க. புள்ளைய அனுப்ப முடியாதுங்க."

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், மதுமதி வீட்டுக் கார் ஷெட்டில், ஞாயிறுதோறும் பதினொரு பிள்ளைகள் ஒரு டேப்லெட்டைச் சுற்றி உட்காருவார்கள். எல்லோரும் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கிழங்கு உரிப்பவர்களின் பிள்ளைகள். மதுமதி ஜெர்மனியிலிருந்தபடியே கணக்கும் இங்கிலீசும் சொல்லிக்கொடுப்பாள். அவர்களில் ராசாத்தியின் மகள் அபிநயாவுக்கு மட்டும், ஓமலூர்ப் பக்கம் ஓர் இலவச விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருந்தது.

"ஏன்க்கா? என்னாச்சு?"

"செவ்வாக்கெழம பூச்சாட்டியாச்சுங்களே."

மதுமதிக்கு அப்போதுதான் உறைத்தது. மாரியம்மன் நோம்பித் திருவிழாவைத் தொடங்கிவைக்க அம்மனுக்குப் பூச்சாட்டும்போது ஊரில் இருந்தவர்கள், நோம்பி முடியும்வரை பதினைந்து நாளும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. பள்ளியில் சேர இரண்டு தேதி கொடுத்தார்கள்: போன திங்கள், அல்லது இந்தத் திங்கள். போன திங்கள் மதுமதிக்குப் பரீட்சை. பிள்ளை பள்ளிக்குள் நுழைவதை வீடியோவில் பார்க்க ஆசைப்பட்டு, இந்தத் திங்கள் என்று எழுதியவள் அவள்தான்.

"அக்கா, சேர்ற அன்னிக்கு ஒரே ஒரு ராத்திரி மட்டும் தங்கட்டும், மத்த நாளைக்கு நான் கேட்டுப் பாக்கறேன்..."

"அவரும் அதையேதானுங்க சொன்னாரு. ஒரே ராத்திரி, போர் போட்டுட்டு வந்தர்றேன்னு."

ராசாத்தியின் புருசன் சென்றாயன், இதே போலப் பூச்சாட்டின மறுநாள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் போனவன். இரும்புக் குழாய் சரிந்து விழுந்து அவன் செத்து மூன்று வருசமாகிறது. மதுமதி போனை வைத்தாள்.

அடுத்து அம்மா சாரதாமணியைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நீ ஒரு வார்த்த சொன்னா ராசாத்தியக்கா கேக்கும்."

"கேக்கும். அதனாலதான் சொல்ல மாட்டேன். நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு காய்ச்ச வந்தாக்கூட அவ மூஞ்சிய நாந்தானே பாக்கோணும்? நீ அங்க ரொட்டி தின்னுட்டுச் சொல்லிப்போடுவே."

"இதையெல்லாம் நீ நம்பறியாம்மா?"

"அவ நம்பறாளே. செவ்வாக்கெழம பூச்சாட்டுன்னு உங்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன். 'சரிம்மா, சரிம்மா'ன்னே. எந்தக் காதுல கேட்டே?"

கடைசியாக விடுதிக் காப்பாளர் பெரியநாயகி.

"பதினஞ்சு நாளைக்கு மட்டும் காலைல வந்துட்டுச் சாயங்காலம் திரும்பட்டுமுங்களா, மேடம்?"

"உங்கூரு நோம்பி எனக்கும் தெரியுமுங்க. எங்கூர்லயும் அதே கட்டுத்தான். ஆனா அறுபது புள்ளைக்கும் ஒரே சட்டம். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எங்கையில ஒண்ணுமில்லைங்க."

மறுநாள் ஆறு மணிக்குப் பெரியநாயகியே அழைத்தாள்.

"காத்திருப்புப் பட்டியல்ல அடுத்த புள்ள அவங்கம்மாவோட கேட்டுல நிக்குதுங்க. விண்ணப்பம் நீங்க போட்டது. வேண்டாம்னு நீங்க ரெண்டு வரி அனுப்புனாத்தான் உள்ள உட முடியும்."

எழுதுவதற்கு முன் மதுமதி ராசாத்தியின் நம்பருக்கு அடித்தாள். அபிநயாதான் எடுத்தாள். மதுமதி விசயத்தைச் சொன்னாள்.

"மதுக்கா, அடுத்த வருசம் ஏழாவதுல சேத்திக்குவாங்களா?"

"இல்ல சாமி. ஆறாவதுக்கு மட்டுந்தான்."

"நேத்துப் பூரா அம்மாகிட்ட நான் பேசல. அம்மா சோறே உங்கல. அப்பறம் பேசிட்டேன்."

"அம்மா மேல கோவப்படாத. இந்தத் தேதியப் போட்டது நாந்தான்."

"தெரியுமுங்க்கா. பெரியம்மா சொன்னாங்க."

மதுமதி கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா சொல்லியிருப்பாள். சொல்லாமல் இருக்க மாட்டாள்.

"அந்தப் புள்ள பேரு என்னக்கா?"

"தெரியல சாமி. கேக்கல."

"கேட்டுலயே நிக்குதுன்னீங்களே. போட்டு உடுங்க்கா."

மதுமதி இரண்டு வரி எழுதினாள். ஒரு தடவை அழித்து மறுபடி எழுதினாள். அனுப்பினாள்.

"போட்டுட்டீங்களா?"

"ம்."

அந்தப் பக்கம் மேளம் கேட்டது. கோயில் முன் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆட ஊர் கூடிக்கொண்டிருந்தது. யாரோ அபிநயாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் பதில் குரல் கொடுக்கவில்லை, போனையும் வைக்கவில்லை. மதுமதிக்கும் வைக்கத் தெரியவில்லை.