நாற்பத்தொரு தாமதங்கள்

தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கொள்முதல் பார்க்கிறவள் சுமலதா. கெட்டவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கம்பெனிக்கு அட்டைப்பெட்டி செய்துகொடுக்கும் பாவாடையைக் கேட்டால் தங்கம் என்றே சொல்லுவார். அந்தத் தங்கம் செய்த காரியம் இது.

பெட்டி வராமல் சோப்பு தேங்கி நின்றுவிடுமோ என்று அவளுக்கு எப்போதும் ஒரு பயம். அதனால் தேவைக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஆர்டர் போட்டுவிடுவாள். பெட்டி தயாராகிற நாளில் பார்த்தால் குடோனில் கால் வைக்க இடமிருக்காது. உடனே போனைப் போடுவாள்.

"அண்ணே, இன்னிக்கு வண்டியில ஏத்தாதீங்க. வைக்க எடமே இல்ல. வெள்ளிக்கெழம கொண்டாங்க."

"அதுக்கென்னாம்மா, இங்கியே வச்சிக்கிறேன்."

வைத்துக்கொள்வது என்றால் சும்மாவா? முத்தியால்பேட்டையில் அவருக்குப் பட்டறையும் வீடும் ஒன்றுதான். கூடம் முழுக்கப் பெட்டியை அடுக்கிவிட்டுக் குடும்பமே அடுப்படியில் முடங்கும். மழை பெய்தால் தார்ப்பாய் பெட்டிக்கு, நனைகிறவர்கள் இவர்கள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை அந்த மனுஷன்.

இப்படித் தள்ளிப்போட்டால் ஆர்டரில் சரக்கு வரவேண்டிய தேதியைத் திருத்த வேண்டும். திருத்தினால் மேனேஜர் பிரேம்குமார் காரணம் கேட்பார். குடோன் நிரம்பிவிட்டது என்று எழுதினால், அப்புறம் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஆர்டர் போட்டீர்கள் என்பார். எதற்கு வம்பு? அவள் திருத்தவே இல்லை. வாட்ஸாப்பிலும் போடமாட்டாள், எல்லாம் வாய்ப்பேச்சுதான். மூன்று வருஷமாக அந்தத் தேதிகளை யாரும் புரட்டிப் பார்க்கவுமில்லை.

இந்தச் சித்திரையில் கணக்குக்கும் சரக்குக்கும் சேர்த்துப் புது சாஃப்ட்வேர் வந்து இறங்கியது. அதற்குள்ளேயே ஓர் ஏஐ உதவியாளர். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும். பிரேம்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் இருந்த எல்லாரையும் தன் பின்னால் நிற்கவைத்துக்கொண்டு, நமக்கு அதிகம் தாமதமாகச் சரக்கு தருவது யார் என்று தட்டினார்.

நாலு நொடிகூட ஆகவில்லை. பாவாடை அட்டைப்பெட்டி, முத்தியால்பேட்டை. அறுபத்துமூன்று ஆர்டரில் நாற்பத்தொன்று தாமதம். சராசரி நாலு நாள்.

"பாத்தீங்களா சுமலதா, உங்க பாவாடை அண்ணன் லட்சணத்த? தூக்கிடலாம்."

சுமலதாவுக்குப் பயம் வந்துவிட்டது. பாவாடை போய்விடுவாரே என்றல்ல. அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்த நாற்பத்தொன்றும் யாருடையது என்று தெரிந்துவிட்டால் தன் கதி என்ன என்றுதான்.

சும்மா சொல்லக் கூடாது, மேனேஜருக்கு இல்லாத நிதானம் அந்த மிஷினுக்கு இருந்தது. பதிலுக்குக் கீழேயே எழுதியிருந்தது: 'எனக்குத் தெரிவது பதிவில் உள்ள தேதிகள் மட்டுமே. சரக்கை நாள் தள்ளிக் கொண்டுவரும்படி நம் தரப்பில் யாராவது சொன்னார்களா என்பது எனக்குத் தெரியாது. முடிவெடுக்கும் முன் கொள்முதல் அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.'

"அதுவும் சரிதான். வெள்ளிக்கெழம சாயந்தரத்துக்குள்ள நீங்க அதுல பதில் போட்டுடுங்க," என்று எழுந்து போனார் பிரேம்குமார்.

விஷயம் வாட்ச்மேன் மூலமாகப் பாவாடையின் காதுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை மத்தியானம் கொளுத்துகிற வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து கேட்டில் நின்றார். சுமலதா வெளியே போனாள்.

"எனக்கு முக்காவாசி வேலை ஒங்க கம்பெனிதாம்மா. இத்த நம்பி ஆறு பொம்பளைங்க பொட்டி ஒட்டிக்கினு இருக்காங்க. ஒன்னக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களாமே? நடந்தத நீ ஒரு வார்த்த சொல்லிடு. போதும்."

"சொல்றேண்ணே. நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா? நீங்க போயி வேலையப் பாருங்க."

அந்த நிமிஷம் அவள் நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தாள். கொடுமையே அதுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு உட்கார்ந்து, 'நான்தான் நாள் தள்ளிக் கொண்டுவரச் சொன்னேன்' என்று தட்டினாள். ஒரு வரிதான். மூன்று தடவை படித்தாள். வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. நாற்பத்தொரு முறை மறைத்தீர்களா என்று பிரேம்குமார் எல்லார் முன்னாலும் கேட்பார். அழித்தாள். 'சில முறை மட்டும் சொன்னேன்' என்று தட்டினாள். சில முறை என்றால் எத்தனை என்று கேட்பார்களே? அதையும் அழித்தாள். நாலரை மணிக்கு, 'இல்லை. அப்படி யாரும் சொல்லவில்லை' என்று அனுப்பினாள்.

'நன்றி. பதிவு செய்துகொண்டேன்' என்றது மிஷின். பதினோரு வருஷ அனுபவக்காரி சொல்கிறாள், அது நம்பாமல் என்ன செய்யும்?

அதைப் பார்த்துவிட்டுப் பாவாடையைத் தூக்கிவிடச் சொன்னார் பிரேம்குமார். இனிமேல் பெட்டி வேண்டாம் என்று பாவாடைக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தையும் அதனிடமே எழுதச் சொன்னாள் சுமலதா. மரியாதையாக இருக்கட்டும், மனசு நோகாமல் இருக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னாள். வெட்கம் கெட்ட கரிசனம்!

செவ்வாய்க்கிழமை காலையில் பாவாடை போன் செய்தார்.

"லெட்டர் வந்திச்சும்மா."

திட்டட்டும் என்று காத்திருந்தாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

"போன வாரம் நீ நிறுத்தி வைக்கச் சொன்ன முந்நூறு பொட்டி கூடத்துலியே கெடக்குது. எல்லாத்துலியும் ஒங்க சோப்பு பேரு அச்சடிச்சிருக்கு, வேற எவனும் தொடமாட்டான். அத்த மட்டுமாவது எடுத்துக்குவாங்களா?"

"அந்த ஆர்டரையும் ரத்து பண்ணிட்டாங்கண்ணே."

அதற்கும் அவர்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

"சரி, வுடு. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. எனக்காவ நீ எவ்ளோ மல்லுக்கட்டியிருப்பன்னு எனக்குத் தெரியாதா? நீ அத்தினி சொல்லியும் அந்தப் பாழாப்போன மிசினு ஒத்துக்கல. அவ்ளோதானம்மா?"

"ஆமாண்ணே," என்றாள் சுமலதா. "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அது ஒத்துக்கவே இல்ல."