வெளுக்காத முகம்

சுனாமிக்குப் பிறகு, களுதாவளையில் அன்னப்பூரணியின் வீட்டுக்குள் கொண்டுபோகும் எந்தப் படமும் மூன்றாம் நாள் வெள்ளைத் தாளாகிவிடும். ஈரம் இருக்காது, நாக்கில் வைத்தால் மட்டும் உப்புக் கரிக்கும். கல்யாணப் படமும் கலண்டர்ப் பிள்ளையாரும் அப்படியே போயின. அடையாள அட்டைகளைப் பக்கத்து வீட்டில் வைத்திருந்தார்கள். ஏழு வயதில் கடல் கொண்டுபோன மகள் விதுர்ஷாவின் படம் ஒன்று குருக்கள்மடத்தில், தங்கை புஸ்பத்தின் வீட்டில் தப்பியிருந்தது. அன்னப்பூரணி அதைப் பிரதியெடுத்துப் பதினொரு தடவை கொண்டுவந்து மாட்டினாள். வெளுத்த தாள்களில் ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் இருந்தது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன இது என்று கேட்டான். மகள் என்றாள். அவன் இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்தான்.

யுத்தம் முடிந்து சாவடிகள் போன பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய் அந்த முகத்தைப் பார்த்து வந்தாள். முன்பெல்லாம் அது அடுத்த வெள்ளிவரை மனதில் நின்றது. வருடங்கள் போகப் போகக் குறைந்து, இரண்டாயிரத்துப் பதினேழில், திரும்பி வரும் பஸ் தேத்தாத்தீவைத் தாண்டுவதற்குள் அழிந்துவிட்டது. கணவர் தங்கராசா ஒருநாளும் கூடப் போனதில்லை, மகளின் பேச்சையும் எடுப்பதில்லை. தானும் மறந்தால் அந்த வீட்டில் பிள்ளை இருந்ததே இல்லையென்று ஆகிவிடும் என அவள் பயந்தாள்.

அந்த வருடம் காத்தான்குடியில் கதவு செதுக்கும் மர்சூக், கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகையைக் குடையும் சீஎன்சி மெஷின் ஒன்றை இறக்கியிருந்தான். மையே இல்லாமல் படம் செய்யலாம் என்றான். வெள்ளை அக்ரிலிக் பிளாஸ்டிக் பலகையை மேடுபள்ளமாகக் குடைந்து பின்னால் பல்ப் வைத்தால், மெல்லிய இடம் வெளிச்சமாகவும் தடித்த இடம் இருட்டாகவும் தெரியும். தங்கை வீட்டிலிருந்த படத்தைக் கொடுத்துவிட்டு, ஆறு மணித்தியாலம் வெள்ளைத் தூள் பறப்பதைப் பார்த்தபடி அன்னப்பூரணி இருந்தாள். பல்பைப் போட்டால் பிள்ளையின் மூக்கும் கன்னமும் கறுத்திருந்தன.

"தம்பி, என்ட புள்ள என்ன கரிச்சட்டிக்குள்ள முகத்த விட்டவளா?"

"கதவுல செதுக்குற முகத்துக்கு மூக்கு எழும்பித்தானக்கா நிக்கும். அந்தப் பழக்கத்துல தடிப்பா விட்டுட்டன்," என்று மர்சூக் தலையைச் சொறிந்தான். மறுநாள் வேறு பலகையில் வெட்டிக் கொடுத்தான்.

வீட்டுக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் காலையில் பலகை வெள்ளையாக நின்றது. முதல் நாளும் அது வெள்ளைதான் என்பது அவளுக்கு மறந்துபோய், அதைக் கழற்றக் கை வைத்தாள். பிறகு சுவிட்சைப் போட்டாள். விதுர்ஷா முன்பல் இல்லாமல் சிரித்தாள். பலகையில் உப்புப் படிந்திருந்தது. கடல் வந்து தேடிப் பார்த்திருக்கிறது. எடுத்துப்போக மை இல்லை. உப்பைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

தங்கராசா வந்து விளக்கின் முன் குந்தினார். கொண்டுவந்த தேத்தண்ணி பக்கத்தில் ஆறியது.

"காது என்ட காது," என்றார்.

"ஓம், நல்லாச் சொன்னீங்க. அது எங்கட அம்மாட காது."

பதின்மூன்று வருடத்தில் மகளைப் பற்றி அவர்கள் போட்ட முதல் சண்டை அது. மத்தியானம்வரை நடந்தது. மற்றப் படங்கள் அந்த வீட்டில் இன்றும் வெளுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கல்யாண அல்பம் பார்க்கக் கொடுப்பவர்கள் இரண்டாம் நாளே வந்து வாங்கிப் போய்விடுகிறார்கள்.