மைக்கின் பச்சைக் கோடு

அண்ணன் இந்த வீட்டில் விட்டுப்போன லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடியது. அவனே போட்டது. நேற்று அப்டேட் செய்ததிலிருந்து சத்தம் வரவில்லை.

"அவனை மாதிரியே இருக்கு. வாயைத் திறக்க மாட்டேங்குது," என்றார் அப்பா. மகனோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இன்று காலையிலிருந்து சின்னவளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

தூரத்து ஊரில், விபத்தில் அடிபட்ட அண்ணனுக்கு இன்று மறுபடியும் ஆபரேஷன். தொண்டையில் குழாய், பேச முடியாது, காது கேட்கும். உள்ளே கொண்டுபோவதற்குள் அப்பா அவன் முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்; வீட்டில் அதற்கு இந்த லேப்டாப் மட்டும்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. கழுத்துல மூச்சு படுது."

இணையத்தில் யாரோ எழுதியிருந்ததைப் பார்த்து, கட்டளைகள் எழுதும் கறுப்பு ஜன்னலில் எழுத்தெழுத்தாகத் தட்டினாள். ஸ்பீக்கர் மூடிக் கிடந்தது. திறந்தாள். சோதனைக் குரல் ஒன்று இடது, வலது என்று சொன்னது. அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீடியோ அழைப்பு போட்டாள். திரையில் நர்ஸ் வந்தாள். "அவர் காதுல இயர்போன் மாட்டிட்டேன். சீக்கிரம் பேசுங்க."

அண்ணனின் முகம் வீங்கியிருந்தது. அப்பா திரைக்கு வெகு அருகில் குனிந்தார்.

"டேய்... அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்காத. வீட்டுக்கு வந்துடுப்பா. உன் ரூம் அப்படியேதான் இருக்கு."

அண்ணன் கையை மெல்லத் தூக்கிக் காதைத் தொட்டான். மறுபடி தொட்டான்.

"கேட்டுச்சாம் பாப்பா," என்று அப்பா உடைந்து அழுதார். "கேட்டுச்சுன்னு சொல்றான்."

"நேரமாச்சுங்க," என்றாள் நர்ஸ். திரை அணைந்தது.

அழைப்பு ஜன்னலை மூடியதும் அதன் பின்னால் ஒலி அமைப்புப் பக்கம் திறந்தே இருந்தது. மேல் பாதி ஸ்பீக்கர். அதைத்தான் பார்த்துப் பார்த்துச் சரிசெய்திருந்தாள். கீழ்ப் பாதி மைக். அப்பா பக்கத்திலேயே விம்மிக்கொண்டிருந்தார். சத்தம் பட்டால் துள்ள வேண்டிய மைக்கின் பச்சைக் கோடு அசையவில்லை. அதுவும் மூடியிருந்தது. நமக்குக் கேட்டால் போதும் என்று இருந்துவிட்டாள்.

திறந்துவிட்டு மறுபடி அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"என்ன பாப்பா, திரும்பக் கூப்பிடுற?"

"சும்மாப்பா. சரியா வேலை செய்யுதான்னு பார்த்தேன்."

அப்பா முகம் கழுவப் போனார். கதவுக்கு அப்பாலிருந்து, "காதைத் தொட்டுக் காட்டினான் பார்த்தியா?" என்றார்.

பச்சைக் கோடு துள்ளி எழுந்து அடங்கியது.