தூக்க முடியாத கேபினெட்

லிஃப்ட் மெக்கானிக் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தபோது அவனுடைய முன்னாள் மனைவியும் மகளும் அவனுக்கு முன்பே வந்திருந்தார்கள். கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக நின்ற கிராபிக்ஸ் கார்டுகளை மகள் மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் மூக்கு ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருந்தாள் என்று வைத்த செல்லப்பெயர் சுண்டு. இப்போது அம்மாவைவிட ஒரு தலை உயரம். பெயர் மட்டும் வளரவில்லை.

சுண்டுவின் அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. அவனும் அவளும் பிரிந்து சில வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவளை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. அவளுக்கும் அதே சிக்கல். அதனால் ரெண்டு பேரும் யாரையும் சுட்டாத ஒரு பாஷையில் பேசிக்கொண்டார்கள்.

"வந்து நேரமாச்சா?"

"இப்பத்தான். சாப்டாச்சா?"

"ஆச்சு."

சுண்டு ஒரு வாரம் அம்மா வீட்டில், ஒரு வாரம் அப்பா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதுகில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக வீடு மாறுவாள். அவள் ரொம்ப நாளாகக் கேட்ட கேமிங் கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே செலவு செய்வது என்று முடிவானதும், மெக்கானிக் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினான். கடைசியில் கம்ப்யூட்டர் பாகங்களை அடக்கி வைக்கிற ஒரு குட்டி கேபினெட்டைப் பிடித்தான். மேலே கைப்பிடி வைத்த, ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. வீடு மாறும்போது பையோடு பையாகத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சுண்டுவின் அம்மாவுக்குப் படம் அனுப்பினான். "நல்லா இருக்கு" என்று பதில் வந்தது. அவன் சொன்ன ஒன்றுக்கு அவள் மறுபேச்சில்லாமல் தலையாட்டியது எப்போது என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

கடைக்காரர் அந்தக் குட்டி கேபினெட்டை மேஜைமேல் வைத்துத் திறந்து காட்டினார். "அழகான பீஸ்தான் சார். ஆனா இதுக்குள்ள நீளமான கிராபிக்ஸ் கார்டு போகாது, குட்டை கார்டுதான். சூடு கொஞ்சம் ஏறும். பெரிய கேமை ஃபுல் செட்டிங்ல ஓட்டினா ஃபேன் கத்தும்."

"பரவால்ல. செட்டிங்கைக் குறைச்சுக்கலாம்" என்றான் மெக்கானிக். விளையாடப்போவது அவன் என்பதுபோல.

சுண்டு பக்கத்தில் இல்லை. கடை மூலையில், இடுப்பு உயரத்துக்கு நின்ற ஒரு கறுப்பு இரும்புக் கேபினெட்டின் மேல் கை வைத்து நின்றிருந்தாள்.

"அண்ணா, இது என்ன வெயிட் இருக்கும்?"

"அதுவா? காலியாத் தூக்கினாலே இடுப்பு பிடிச்சுக்கும்மா."

"அப்ப இது போதும்."

சுண்டுவின் அம்மா சிரித்தாள். "ஏண்டி, இதை வாராவாரம் யாரு தூக்கிட்டு அலையறது?"

"யாரும் தூக்க வேணாம்மா. அது வச்ச எடத்துலயேதான் இருக்கும்."

சிரிப்பு நின்றுபோனது. எந்த வீட்டில் என்று ரெண்டு பேருமே கேட்கவில்லை. கடைக்காரர் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஏதோ ஒயர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

கடைசியில் மெக்கானிக்தான் கேட்டான். "எங்க வைக்கப்போற?"

"அம்மா வீட்ல."

லிஃப்ட் சில சமயம் தளத்தில் நிற்காமல் ஒரு விரற்கடை கீழே இறங்கி, அப்புறம் பிரேக் பிடிக்கும். உள்ளே நிற்பவர் சட்டென்று பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். மெக்கானிக்குக்கு அப்படி இருந்தது.

"உங்க வீடு ஒரே ரூம்ப்பா" என்றாள் சுண்டு. "நீங்க நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்குவீங்க. நான் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு கத்திட்டு இருந்தா எப்படித் தூங்குவீங்க?"

"காதுல பஞ்சு வச்சுக்கறேன்."

"அப்பா!" அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அது மட்டும் இல்லப்பா. எனக்குப் பையைத் தூக்கித் தூக்கி அலுத்துப்போச்சு. எதைத் தேடினாலும் அது அந்த வீட்ல இருக்கு. சார்ஜர் அங்க, செருப்பு இங்க. நகராத ஒண்ணு ஒரே ஒரு இடத்துல எனக்கு வேணும்."

"அப்ப என் வீட்டுக்கு வரவே மாட்டியா?"

"வருவேனே. வெறுங்கையை வீசிட்டு வருவேன். ஞாயித்துக்கிழமைதான்னு இல்ல, தோணும்போது."

மெக்கானிக் சுண்டுவின் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ஜெயித்த முகம் இல்லை அது. மகள் அவன் வீட்டைச் சொல்லிவிடுவாளோ என்று அவளும் அந்த ஒரு நிமிஷம் பயந்துகொண்டுதான் நின்றிருக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

கடைக்காரர் கையில் ஒரு ஒயரும் இல்லாமல் திரும்பி வந்தார்.

"பெரிய கேபினெட்டுன்னா நீளமான கார்டே போடலாம்ல?" என்று கேட்டான் மெக்கானிக்.

"தாராளமா சார்!"

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பிராசஸரும் மதர்போர்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். வண்ண விளக்கு ஃபேன்தான் வேண்டும் என்று சுண்டு அடம் பிடித்தாள். தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவ முடியுமா என்று அம்மா துளைத்தெடுத்தாள். பவர் சப்ளையில் மட்டும் மெக்கானிக் ஒரு படிகூட இறங்கவில்லை. "கரன்ட் விஷயத்துல கஞ்சத்தனம் ஆகாது" என்று இருப்பதிலேயே உசத்தியானதை எடுத்து வைத்தான்.

அடுத்த விடுமுறை நாளில் சுண்டுவின் அம்மா குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. வேறு கம்பெனி லிஃப்ட். அவன் கை வைக்கக்கூடாது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட்டிவிடுகிறவன் கேபினெட்டைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினான். பின்னால் வந்த சுண்டுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்த வீட்டு வாசற்படியை அவன் அதுவரை தாண்டியதில்லை. உள்ளே எதையும் பார்க்காதவன்போல நேராக மகள் அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தான். மதர்போர்டை முடுக்கினான். பிராசஸர்மேல் பட்டாணி அளவுக்குச் சூடு தணிக்கும் பேஸ்ட் வைத்தான். "நீ அந்த டார்ச்சை இப்படிப் பிடி" என்றான் சுண்டுவின் அம்மாவிடம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் டார்ச்சை அவன் காட்டிய பக்கமே பிடித்தாள்.

எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டார்கள். ஃபேன்கள் ஜொலித்துச் சுற்றின. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மெக்கானிக்குக்கு வியர்த்துவிட்டது. ரேமைக் கழற்றி மாட்டினான். ஒயர்களை அழுத்திப் பார்த்தான். "கடைக்காரன் நல்லா தலையில கட்டிட்டான்" என்று பொருமினான். சுண்டு பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மதர்போர்டில் செருகியிருந்த மானிட்டர் ஒயரை உருவிக் கிராபிக்ஸ் கார்டில் செருகினாள். திரை விழித்துக்கொண்டது. பாவம் கடைக்காரன்.

முதலில் சுண்டு அப்பா வீட்டுக்கு அடிக்கடி வந்தாள். அப்புறம் குறைந்தது. மழைக்காலம் தொடங்கியதும் அடியோடு நின்றது. அவளே வரட்டும் என்று மெக்கானிக் வைராக்கியமாக இருந்தான். பொறுக்க முடியாமல் ஒருநாள் சுண்டுவின் அம்மாவுக்குப் போன் போட்டு, "வாரம் மாத்தி வாரம்னுதானே பேசினோம்?" என்றான்.

"அவ வரமாட்டேன்னு சொன்னாளா?"

"சொல்லல."

"வான்னு கூப்பிட்டாச்சா?"

மகளை அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டி வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரும், பின்னாலேயே அவளும் வருவாள்.

மகளுக்குப் போன் செய்தபோது வாய் குழறியது. "வீட்டுப் பக்கம் வாயேன்."

"ஏன்ப்பா, ஏதாவது வேலையா?"

"வேலையெல்லாம் இல்ல. சும்மாத்தான்."

"சும்மாவா?"

"ஆமா. சும்மா."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. புதன்கிழமை சாயங்காலம், சொன்னபடி கையை வீசிக்கொண்டு வந்து நின்றாள். அது யாருடைய வாரம் என்று அவன் கணக்குப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் எழுந்ததும், "அப்பா, பிரஷ் எடுத்துட்டு வரல" என்றாள். மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே கடைக்குப் போனான். ஹார்டு, சாஃப்ட், மீடியம் என்று மூன்று ரகம் தொங்கின. மகள் எதில் பல் தேய்ப்பாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கடையில் நின்றபடியே மகளுக்கே போன் செய்து கேட்டான்.