எட்டு இடத்தில் விழுந்த விமானம்

நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் நடந்த போரில் ஒரு ஜெட் போர் விமானம் அந்த ஊர்ப் பக்கம் விழுந்தது. விமானி பாராசூட்டில் குதித்துப் பிழைத்துக்கொண்டார். விமானம் எங்கே விழுந்தது என்பதில்தான் ஆளுக்கொரு கதை. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் அண்ணி இதுவரை எட்டுப் பேரை விசாரித்து எட்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தாள். ராணுவக் காகிதம் மட்டும், 'நேரில் கண்ட விவசாயி ஒருவரின் வாக்குமூலப்படி நீர்த்தேக்கத்தில் மூழ்கியது' என்று அடித்துச் சொன்னது.

அவளை முதலில் அண்ணி என்று அழைத்தவன் கணவனின் தம்பி. அவனைப் பார்த்துத் தெருவே அப்படி அழைக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுத் தோட்டத்து ஓரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவனுக்கு அண்ணியைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது.

"என்ன அண்ணி, இன்னைக்கு எங்க விழுந்துச்சு?"

"உன் தலையில விழுந்திருந்தா எனக்கு அலைச்சல் மிச்சம்."

பழைய செய்தித்தாளில் இரண்டு புகைப்படங்கள் கிடைத்த பிறகு அண்ணியின் முகமே மாறியது. ஒன்று ரயில் பாலத்திலிருந்தும் மற்றது பள்ளிக்கூட மாடியிலிருந்தும் எடுத்தவை. இரண்டிலும் அதே புகைத்தூண். இரண்டு இடங்களிலிருந்தும் புகையின் திசைக்கு வரைபடத்தில் கோடு போட்டாள். கோடுகள் நீர்த்தேக்கத்தின் பக்கம்கூடப் போகவில்லை. நேராக வந்து அவர்கள் வீட்டுத் தோட்டத்திலேயே வெட்டிக்கொண்டன.

மாமனாரிடம் ஓடினாள். "மாமா, போர் நடந்தப்ப நீங்க இங்கதானே இருந்தீங்க?"

"ஆங்? சோறா? இப்பதான் சாப்பிட்டேன்" என்றார் அவர். பக்கத்து வீட்டுச் சண்டையை ஜன்னல் சாத்தியிருந்தாலும் ஒரு சொல் விடாமல் கேட்கிற காது, விமானம் என்றால் மட்டும் அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தனுக்குக் கை அரித்தது. பட்டறையில் கிடந்த பழைய வாஷிங் மெஷினின் உருளையைச் சுத்தியலால் நசுக்கினான், தீயில் காட்டிக் கருக்கினான், தோட்டத்தின் நடுவில் முழங்கால் ஆழத்தில் புதைத்து மேலே புல்லையும் பதித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மண்ணில் புதைந்த எல்லைக் கம்பிகளைத் தேடும் கருவியோடு அண்ணி தோட்டத்தில் இறங்கினாள். கொழுந்தன் முன்கூட்டியே தெருவைக் கூட்டி வைத்திருந்தான். கருவி கீச்சிட்டது, தோண்டினார்கள், கருகிய உலோகம் தலைகாட்டியது. கூட்டம் கைதட்டியது. கொழுந்தன் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

அண்ணி குனிந்து மண்ணைத் துடைத்தாள். வரிசை வரிசையாகச் சின்னத் துளைகள். வாரா வாரம் துணி துவைக்கிறவளுக்கு அது தெரியாதா? கொழுந்தனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, எழுந்து கைகூப்பினாள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. இது எஞ்சினோட எரி அறை. போர்ச் சின்னம் கிடைச்ச இடத்தைச் சுத்தி நூறு மீட்டருக்கு வேலி போடணும், அது சட்டம். மூணு வருஷம் வேலிக்குள்ள நெருப்பு, வெல்டிங், சுத்தியல் எதுவும் கூடாது. தம்பி, பட்டறைச் சாவியைக் குடு."

சட்டத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. அண்ணி நின்ற இடத்தில் நின்றபடி இயற்றியது. ஆனால் கொழுந்தனின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி... அது வந்து... நான்தான்..."

அவன் முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கர்ஜனை. மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காது இப்போது நன்றாகவே கேட்டது.

"எவன்டா சொன்னான் எஞ்சின் இங்க விழுந்துச்சுன்னு? எஞ்சின் கிணத்துக்குள்ளதான கிடக்கு!"

தான் சொன்னது என்ன என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"எந்தக் கிணறு மாமா?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

இனி மறைத்துப் பயனில்லை என்று அவர் கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். குண்டுவீச்சுக்குப் பயந்து அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் எல்லாம் ஓடியபோது, விதைத்த நிலத்தை விட்டுப்போக மனமில்லாமல் அவர் மட்டும் தங்கியிருக்கிறார். விமானம் நேரே வந்து இதே தோட்டத்து மூலையில் இருந்த பாசனக் கிணற்றில் தலைகுப்புற இறங்கியது. குண்டு விழுந்த பக்கத்து நிலத்தை ராணுவம் வேலி போட்டு வைத்துக்கொண்டதை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். தன் நிலமும் போய்விடும் என்று கிணற்றை மண் போட்டு மூடி, மேலே அவரைக்கொட்டை ஊன்றிவிட்டார்.

"அப்போ நீர்த்தேக்கம்னு வாக்குமூலம் குடுத்த விவசாயி?"

"விவசாயம்தானேம்மா என் தொழில்" என்றார் மாமனார் அடக்கமாக. "ஒரு மாசம் முக்குளிச்சுத் தேடினாங்க. பாவமாத்தான் இருந்துச்சு."

அண்ணிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஐந்து வருடம் ஊர் ஊராக அலைந்திருக்கிறாள். சாட்சி தினமும் எதிரில் உட்கார்ந்து அவள் கையால் சாப்பிட்டிருக்கிறார்!

மூன்றாம் வாரம் விமானப்படையிலிருந்து ஆட்கள் பெரிய இயந்திரங்களோடு வந்தார்கள். இருபத்தெட்டு அடி ஆழத்தில் எஞ்சின் கிடைத்தது. அதிலிருந்த எண் தகட்டை அண்ணி தன் விரலால் துடைத்துப் படித்தாள். விமானப்படைப் பதிவேட்டில் இருந்த எண்ணோடு அட்சரம் பிசகாமல் பொருந்தியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த கொழுந்தன் முதல்முறையாகக் கிண்டல் செய்யாமல் அவள் கைக்குத் துணி நீட்டினான்.

தலைமை அதிகாரி மாமனாரிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்: "ஐயா, நீங்க அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருக்கணும்."

"தப்புதான் சார்" என்று மாமனார் கைகட்டி ஒத்துக்கொண்டார். பிறகு, அவர்கள் தோண்டித் தூர்வாரியதில் அடியில் ஊற்று கொப்பளிக்கும் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "சுத்திச் சுவரையும் நீங்களே கட்டிக் குடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்றார்.