இரண்டாவது டிரைவர்

இங்கிலாந்தின் டன்ஸ்டால் ஊர்க் கடைத்தெருவில், ஓட்கேக் என்ற ஓட்ஸ் தோசை சுடும் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் அலுவலகம். எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாத டிரைவர்களுக்குக் கார் இன்சூரன்ஸ் பிடித்துத் தருவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். குடித்துவிட்டு ஓட்டியவர், போனில் பேசிக்கொண்டே ஓட்டியவர், சிவப்பு விளக்கைப் பார்க்கவே இல்லை என்று சாதித்தவர், எல்லோரும் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றேதான்: "பெருசா ஒண்ணுமில்ல." பெரிதாக ஒன்றுமில்லாதவனுக்கு என்னிடம் என்ன வேலை?

கார்ல் பூத்தும் அதையேதான் சொன்னான். சனிக்கிழமை, மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு நான் பூட்டிவிடுவேன். கூடவே அவன் மாமியார் பெரில் வந்திருந்தார். எழுபத்தொரு வயது, மழைக்கோட்டு, மடியில் கைப்பை.

"பெருசா ஒண்ணுமில்லையாம்," என்றார் பெரில். "கிறிஸ்துமஸ் பார்ட்டியில குடிச்சிட்டு, பப் வாசல்ல இருந்த பூந்தொட்டி நாலு மேலயும் வண்டிய ஏத்தினான். கேட்டா, தொட்டிய யாரு அங்க வெச்சதுங்கிறான்."

"மூணு தொட்டிதான்," என்றான் கார்ல்.

பதினான்கு மாதம் ஓட்டத் தடை. அது முடிந்து லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது. திங்கட்கிழமை ஒரு கிடங்கில் வேலை, காலை ஆறு மணிக்கு ஆஜராக வேண்டும். முதல் பஸ் அங்கே போய்ச் சேரும்போது ஏழாகிவிடும். வண்டி இல்லையென்றால் வராதே, அடுத்த ஆள் காத்திருக்கிறான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இத்தனை நாள் வீடு ஓடியது மனைவி டீனாவின் சம்பளத்தில். அவன் தாடையில் இரண்டு நாள் தாடி. எனக்கே பாவமாக இருந்தது.

இணையத்தில் தேடியிருக்கிறான். பாதிக் கம்பெனிகள் மன்னிக்கவும் என்றனவாம். மீதி கேட்ட தொகைக்கு அவன் காரைப் போல இரண்டு வாங்கலாம். வேலை என்ற கட்டத்தில் கிடங்குத் தொழிலாளிக்குப் பதிலாக நூலகர் என்று போட்டுப் பார்த்ததில் நாற்பது பவுண்டு குறைந்ததாம். அதைப் பெருமையாக வேறு சொன்னான். நான் முறைத்தேன்.

வயதான, குற்றம் குறை இல்லாத ஒருவரை இரண்டாவது டிரைவராகச் சேர்த்தால் தொகை இறங்கும் என்று முதல் நாள் போனில் சொல்லியிருந்தேன். அதனால்தான் பெரில் வந்திருந்தார்.

"அம்பத்திரெண்டு வருஷமா ஓட்டுறேன், டக்," என்றார். டக் என்றால் வாத்து; இந்த ஊரில் செல்லமாக எல்லோருக்கும் எல்லோரும் டக்தான். "வண்டியில ஒரு கீறல் கிடையாது."

"நிஜமாவே இவர் வண்டிய ஓட்டுவீங்களா? சும்மா சேத்துட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா கம்பெனி கைய விரிச்சிரும்."

"சும்மா பேருக்குத்தான்..." என்று கார்ல் ஆரம்பித்தான்.

"ஓட்டுவேன்," என்றார் பெரில். "செவ்வாய்க்கிழமை பிங்கோ ஆட்டத்துக்கு. முட்டி வலியில என் வண்டி கிளட்ச மிதிக்க முடியல. இவனோடது ஆட்டோமேட்டிக். அதுக்காவது இவன் உபயோகப்படட்டும்."

கார்ல் போனில் சொல்லியிருந்த தடையையும் சேர்த்து விவரங்களைத் தட்டினேன். மாதம் நூற்று முப்பத்தேழு பவுண்டு. நூற்றைம்பதுக்கு மேல் ஒரு பென்னி முடியாது என்று சொல்லியிருந்த கார்ல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இருங்க, இன்னும் முடியல. ரெண்டு பேர்கிட்டயும் கேக்கணும். அஞ்சு வருஷத்துல தண்டனை, லைசென்ஸ்ல அபராதப் பாயிண்ட் ஏதாவது?"

கார்ல் தன்னுடையதைச் சொன்னான். தீர்ப்புத் தேதி, போன வருஷம் பிப்ரவரி ஒன்பது. பெரில் கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு, பெரில்?"

"இவன கொஞ்சம் வெளிய அனுப்பேன், டக்."

"நான் எதுக்கு வெளிய போகணும்?" என்றான் கார்ல்.

அவர் பெருமூச்சு விட்டு, பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். வேகத்துக்காக மூன்று பாயிண்ட், நூறு பவுண்டு அபராதம். முப்பது மைல் வேக வரம்புள்ள சாலையில் நாற்பத்தாறு.

கார்ல் எட்டிப் பார்த்துவிட்டான். "நாப்பத்தாறா? நீங்களா? மீன் வாங்கப் போறப்பவே உங்க பின்னாடி ஊரே ஹாரன் அடிக்கும்." கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவரிடம் வாங்கிய பதினான்கு மாத ஏச்சுக்கும் சேர்த்துச் சிரித்தான்.

நான் தேதியைத் தட்டினேன். பிப்ரவரி ஒன்பது. திரையில் மேலே இருந்த கார்லின் வரியைப் பார்த்தேன். அங்கேயும் அதே தேதி, அதே வருஷம். பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் எங்கே சும்மா இருந்தது?

"கார்ல், இது உங்க கேஸ் நடந்த அன்னைக்கு."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "வரவே மாட்டேன்னு சொன்னீங்க. எனக்கு மருமகனே இல்லன்னு டீனாகிட்ட சொன்னீங்க."

"சொன்னேன். பத்தரைக்குக் கேஸு. பத்து மணிக்கு மனசு கேக்கல, வண்டிய எடுத்தேன். கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். கழுத்துல அந்தக் கேவலமான நீல டையோட நின்ன. நீ திரும்பியே பாக்கல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிட்டா அப்புறம் உன்ன எப்படித் திட்டுறது?"

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இந்த வேலையில் நான் அப்படிச் செய்வது அபூர்வம்.

"அதப் போட வேணாம்," என்றான் கார்ல் என்னிடம். "யாருக்குத் தெரியப்போகுது?"

"போடு, டக்," என்றார் பெரில்.

போட்டேன். திரையில் நூற்று முப்பத்தேழு காணாமல் போனது. இரண்டு டிரைவருக்கும் தண்டனை இருந்தால் அந்தக் கம்பெனி ஏற்காது. மணி பதினொன்று முப்பத்தைந்து. கார்ல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரில் அவனைப் பார்க்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு கம்பெனி. அங்கே கணினி தொகை சொல்லாது, கெய்த் என்ற மனிதன்தான் சொல்வான். சனிக்கிழமையில் போனை எடுத்தாலே சிடுசிடுப்பான். அவனைக் கூப்பிட்டு, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் படித்தேன்.

"எழுவத்தொண்ணு வயசுல நாப்பத்தாறா? எங்க போனாங்களாம்?"

"கோர்ட்டுக்கு. முதல் டிரைவரோட கேஸப் பாக்க."

அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டும் ஒலி. "நூத்தி நாப்பத்தெட்டு. அதுக்குக் கீழ கேக்காத."

தொகையைச் சொன்னதும் கார்ல் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். பெரில் பர்ஸைத் திறந்தார்.

"ஏறின பதினொண்ணு என்னால. மாசாமாசம் நான் தர்றேன்."

"வேணாம்," என்றான் கார்ல். "எனக்காகத்தான வேகமாப் போனீங்க. நான் கட்டுறேன்."

பெரில் யோசித்தார். "அப்ப அந்த நூறு பவுண்டு அபராதமும் உன்னோடதுதான்."

கார்ல் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தான். "சம்பளம் வந்ததும் தர்றேன்," என்றான். பிறகு, தான் சொன்னது சரிதானா என்பது போல என்னைப் பார்த்தான். நான் தலையசைத்து, அச்சாகி வந்த சான்றிதழை அவன் கையில் கொடுத்தேன்.